நாலாம் நம்பர் இடம்

பேரூராட்சிப் பூங்கா என்கிறது பலகை.
இரண்டு ஊஞ்சல், ஒன்றுக்குச் சங்கிலி மட்டும்.
சிமென்டில் செய்த ஒரு நண்டு,
அதன் முதுகில் காயும் யாருடைய துண்டோ.
சவுக்கைத் தாண்டினால் கடல்.
நுழைவு பத்து ரூபாய்.
இரவு தங்க, கூடாரத்தோடு, முந்நூற்றைம்பது.
அஞ்சப்பன் ரசீதைக் கிழித்தார்:
"நாலாம் நம்பர் எடுத்துக்குங்க. காத்து கம்மி."

வகிதாவும் நானும் மின்வாரியத்தில் கணக்கெடுப்பவர்கள்.
பொறையாறு, எடுத்துக்கட்டி, சங்கரன்பந்தல்.
வாசலில் நாய், உள்ளே தாளிக்கும் சத்தம்,
"இப்பத்தானே வந்துட்டுப் போனீங்க" என்று ஒரு குரல்.
ஓர் இரவாவது மீட்டர் இல்லாத இடத்தில்
படுக்கணும் என்றாள்.
வேறு காரணம் இல்லை.

மேட்டூர் திறந்து நாலு நாள்.
தண்ணீர் இன்னும் கல்லணைக்கே வரவில்லை என்று
பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.
ஆற்றின் வாயை மணல் மூடிக் கிடந்தது.
அதன் மேல் ஒரு பையன் சைக்கிள் ஓட்டிப் போனான்,
அக்கரைக்கு.

முளை அடிக்கத் தெரியாது எங்களுக்கு.
மூன்று மூலையில் மணல் தானே விழுங்கிக்கொண்டது.
நாலாவதில் ஒரு சாண் போனதும்
டக்.
ஒரு முழம் தள்ளி அடித்தேன்.
டக்.
வகிதா முழங்காலிட்டுக் கையால் மணலை ஒதுக்கினாள்.
அடப்பங்கொடியின் வேர்,
வேருக்குக் கீழே சிவப்பு:
காவி போட்டுத் தேய்த்த தரை.
அதில், கதவு உரசி உரசி விழுந்த அரைவட்டக் கீறல்.

கீறலுக்கு உள்ளே இருந்தாள் அவள்.
நான் வெளியே.

மறுபடி மூடினோம்.
நாலாவது கயிற்றைச் செங்கல் ஒன்றில் சுற்றிவைத்தோம்.
அஞ்சப்பனிடம் எதுவும் கேட்கவில்லை.
அந்த டிசம்பருக்குப் பிறகு
இந்தக் குப்பம் ரோட்டுக்கு மேற்கே போயிற்று என்று
எனக்குத் தெரியாதா.
அந்தக் காலனி என் புத்தகத்தில்தானே இருக்கிறது.

பரோட்டா தின்றோம். பேசினோம்,
பெரும்பாலும் ஏ.இ.யைப் பற்றி.
டார்ச்சை அணைத்ததும்
கடல் கிட்டே வந்து உட்கார்ந்துகொண்டது.

மணி மூன்று இருக்கும்.
காலடிகள்.
வலையின் ஈயக்குண்டுகள் ஒன்றோடொன்று உரசின.
பீடி வாசனை.
வகிதா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கயிறு" என்றது ஒரு குரல், தணிந்து.
தாண்டிற்று.
"கயிறு" என்றது அடுத்தது, தனக்குப் பின்னால் வருபவருக்கு.
கயிறு.
கயிறு.
தூங்குகிறவர்களை எழுப்பிவிடாத அளவுக்கே ஒவ்வொன்றும்.
கடைசி ஆளுக்குப் பின்னால் யாருமில்லை.
அவர் தாண்டவும் இல்லை.
கொஞ்சம் நின்றார்.
பிறகு கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு போனார்,
நாங்கள் கட்டிய அளவுக்கு அல்ல,
இன்னும் இரண்டு பாகம் தள்ளி,
சுவரைச் சுற்றுவதுபோல.

விடிந்து பார்த்தால் செங்கல் ஓரமாக இருந்தது.
உரச்சாக்கு ஒன்றில் மணல் நிரப்பி
நாலாவது கயிற்றை அதில் கட்டியிருந்தது.
எங்கள் பத்து விரலும், வகிதாவின் பல்லும்
அந்த முடிச்சிடம் தோற்றன.
அஞ்சப்பன் வந்து ஒற்றை விரலால் தட்டினார்.
அவிழ்ந்தது.

"யார் கட்டினது?"
"யாராச்சும்."
"நாலாம் நம்பர் யாரோடது?"
ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தபடி சொன்னார்:
"பேரூராட்சியோடது."

திங்கட்கிழமை காலனி.
நீலம் அடித்த வீடுகள், எல்லாம் ஒரே அளவு.
இப்போதெல்லாம் மீட்டருக்கு முன்னால்
குனிந்து தரையைப் பார்க்கிறேன்,
கதவு எவ்வளவு தூரம் திறக்கிறது என்று.
ஒரு வீட்டில் ஒருவர்
காலை பதினொன்றுக்குக் குப்புறப் படுத்துத் தூங்கினார்,
குதிகாலில் காய்ந்த மணல்.
அவர் மகள் அட்டையை நீட்டினாள்.
எண்பத்தெட்டு யூனிட்.
"எவ்வளவு கட்டணும்க்கா?"

நூறுக்குள்தான், எழுதினேன்.
கட்ட வேண்டியது ஒன்றுமில்லை.